பெட்டியோடு வராத சி.டி.

தேனியில் புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் சுருளிவேலைத் துணைக்குக் கூட்டிப் போவார்கள். போன பிறகு, இவனை ஏன் கூட்டி வந்தோம் என்று நொந்துகொள்வார்கள். கடைக்காரர் காபி சொல்வார், ஸ்பீக்கர் இலவசம் என்பார், தூசி படாமல் மூடுவதற்குத் துணி உறை இலவசம் என்பார். சுருளிவேல் எதையும் காதில் வாங்க மாட்டான். மெஷினை ஓட வைக்கிற ஓ.எஸ். சி.டி. எங்கே என்று ஒரே கேள்விதான். அதெல்லாம் இப்போது பெட்டிக்குள்ளேயே பதிந்து வருகிறது, கம்பெனி தனியாகக் கொடுப்பதில்லை என்று கடைக்காரர் சிரித்துவிட்டால் தொலைந்தார். 2009 தீபாவளிக்கு முந்தைய வாரம், மதுரை ரோட்டுக் கடையொன்றில் அப்படிச் சிரித்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கண்ணாடி மேசை மேல் முகத்தை வைத்து அழுத்தினான். கண்ணாடி விரிசல் விட்டது. புருவத்தில் நாலு தையல். அழுத்திய இடது கையில் சுருளிவேலுக்கு இருந்தது மூன்று விரல்தான்.

அந்தக் கடைக்காரர் மேல் தப்பில்லை. கம்பெனி வைத்து அனுப்பாததை அவர் எங்கே போய்க் கொண்டுவருவார்? ஆனால் அதைச் சுருளிவேலிடம் யார் சொல்வது? அவன் கோபத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அது ஒரு சின்னப் பிள்ளையின் முகம் அழிந்த இடத்தில் தொடங்குகிறது. அந்த முகத்தை அழித்தவர்களில் அவனும் ஒருவன்.

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கம்பி இழுக்கிற குடும்பம் அவனுடையது. கம்பியை முறுக்குகிற அதே கையால் அப்பன் பிள்ளைகளையும் முறுக்குவார். அடி வாங்கி வளர்ந்தவன் அடக்கமாக வருவான் என்று எவன் சொன்னது? சுருளிவேல் பத்தாம் வகுப்பிலேயே, வாத்தியார் எறிந்த டஸ்டரைத் திருப்பி எறிந்தவன். எப்படியோ மதுரையில் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்துவிட்டு, 1998-ல் பெரியகுளம் ரோட்டில் குருசாமி வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான்.

குருசாமி ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் விற்ற பழைய பஜார் குடும்பத்துக்காரர். அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றால் உதிரிப் பாகங்களை வாங்கிப் பூட்டித் தருவதுதான். கடையில் இருந்தது ஒரே ஒரு சி.டி., அதுவும் காப்பி எடுத்தது, மேலே மார்க்கர் பேனாவில் நம்பர் எழுதியது. கம்பம், போடி, ஆண்டிபட்டி என்று ஓடிய முக்கால்வாசி மெஷின் அந்த ஒரே வயிற்றில் பிறந்தவை. கீறல் விழுந்தால் சுருளிவேல் பற்பசை தடவித் தேய்த்து மறுபடி ஓட வைப்பான். பக்கத்துக் கடை மெக்கானிக் ஒருவன் அதைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தபோது அவன் மூக்கெலும்பை உடைத்தான். திருட்டுப் பொருளைத் திருடியதற்கு அடிதடி நடந்தது தேனியில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பிறகு கம்பெனிப் பெட்டிகள் வந்தன. அட்டைப் பெட்டியைத் திறந்தால் ஒட்டி மூடிய உறைக்குள் அசல் சி.டி. இருக்கும். என்றைக்காவது மெஷின் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு அதுதான் மருந்து. நம் ஆட்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? உத்தமபாளையத்துப் பக்கம் ஒருவர் திராட்சைப் பந்தலில் நூல் கட்டித் தொங்கவிட்டார். வெயிலில் பளபளத்ததில் கிளி வரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். தேவதானப்பட்டி விதைக்கடைக்காரர் ஆயுத பூஜை அன்று மின்னுகிற பக்கத்தில் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்து, காய்ந்ததும் மெஷினுக்குள் தள்ளினார். அது கரகரவென்று அரைத்த சத்தத்தில் அவர் சம்சாரம் வெளியே ஓடிவந்துவிட்டார்.

குரங்கு கையில் பூமாலை என்றார் குருசாமி. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. வாங்குகிறவர் வருவதற்கு முன்பே பெட்டியைப் பிளேடால் பக்குவமாகத் திறந்து, சி.டி. உறையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மெஷின் படுத்தால் கடைக்குத்தானே வந்தாக வேண்டும்? வந்தால் சர்வீஸ். இல்லாவிட்டாலும் அந்த அசலை வைத்து வேறு நாலு மெஷினை எழுப்பலாம். பிளேடு பிடித்தது சுருளிவேல். அவனுக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. பந்தலில் தொங்குவதற்குப் பீரோவில் இருந்தால் என்ன என்று அவனும் சிரித்தான். ஊரான் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு அவன் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொள்கிற திருடனைவிட மோசமான திருடன் கிடையாது.

2005-ல் மயிலாடும்பாறைப் பால்பாண்டி வந்தார். வெங்காய விவசாயி. அவர் மேல் இரண்டு அடிதடி வழக்கு. அவருக்கும் சங்கிலியம்மாளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் அபிதா. அவளுக்கு அப்போது நாலு வயது. டவுன் பிள்ளைகளுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அவளுக்கும் வேண்டும் என்று வந்தவர், குருசாமி கடையில் பெட்டியும் வாங்கினார். அதோடு ஒரு டிஜிட்டல் கேமராவும் இலவசமாக வந்தது. வீட்டுக்கே போய்ப் பூட்டிக் கொடுத்தான் சுருளிவேல். படத்தைக் கேமராவிலிருந்து பெட்டிக்கு ஏற்றி, கேமராவைக் காலி செய்வது எப்படி என்று சங்கிலியம்மாளுக்குப் பழக்கியதும் அவனே. அவளுக்குக் கைவராதபோதெல்லாம் அவனே வந்து ஏற்றிக் கொடுப்பான். சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று திரையின் முகப்பிலேயே பிள்ளை பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தான். அந்தப் பெட்டியின் சி.டி. வழக்கம்போல் பீரோவில் இருந்தது.

2007 புரட்டாசியில், வாசலில் செங்கல் இறக்கிய டிராக்டர் பின்னால் வந்தபோது அபிதா டிரெய்லருக்கு அடியில் விழுந்தாள். சக்கரம் ஏறிய இடம் முகம். டிரைவரை இழுத்துப் போட்டுக் கடப்பாரையால் இரண்டு காலையும் முறித்தார் பால்பாண்டி. பிள்ளையை முகம் மூடித்தான் தூக்கிப்போனார்கள். கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று மல்லுக்கட்டிய தாயை நாலு பெண்கள் தரையோடு அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவள் முகம் இனி இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். எதையும் அச்சுப் போட்டு வைக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் முன்னால் நின்ற பிள்ளையின் தோள் மறைத்து ஒரு கண்தான் தெரிந்தது. கன்னியாகப் போன பெண் பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துப் பாவாடை சட்டை படைத்துக் கும்பிடுவது அவர்கள் குடும்ப வழக்கம். பலகையில் உருவம் எழுதி, முதல் வருஷத் திதியன்று கண் திறக்க வேண்டும். அதுவரைக்கும் சங்கிலியம்மாள் கம்ப்யூட்டருக்கே மாலை போட்டு, விளக்கேற்றி, திருநீறு பூசினாள். சாயங்காலம் பெட்டியைப் போட்டுப் பிள்ளையைப் பார்ப்பாள், சோறு காட்டுவாள், பிறகு பெட்டியை அணைப்பாள்.

மறுவருஷம் கரண்ட் எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாதபடி இருந்தது. திதிக்குப் பத்து நாள் இருக்கையில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் மட்டும் நின்றது.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் புருஷனும் பொண்டாட்டியும் பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்து குருசாமி கடையில் இறக்கினார்கள். மாலை வாடாமல் அப்படியே இருந்தது. சுருளிவேல் திரையைப் பார்த்தான். ஒரு ஃபைல் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்கை வேறு மெஷினில் மாட்டிப் படங்களை முதலில் எடுத்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பால்பாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"இரும்ப அது மேல வைக்காத. எம்பிள்ள உள்ள இருக்கு."

சுருளிவேல் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. ஒரு தடவை சக்கரம் ஏறியது போதும், இவனும் அறுக்க வேண்டாம் என்றார். அது சாமியிருக்கிற பெட்டி, கழற்ற விடமாட்டோம் என்று சங்கிலியம்மாளும் குறுக்கே நின்றாள். அப்படியானால் மிச்சமிருப்பது அசல் சி.டி. அதைப் போட்டால் கெட்ட ஃபைலை மட்டும் மாற்றிவிடும், படம் ஒன்றுக்கும் சேதமில்லை. அரை மணி நேர வேலை. பெட்டியோடு சி.டி. ஏதும் வந்ததா என்று சுருளிவேல் கேட்டான். ஏன் கேட்டான்? வரவில்லை என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? ஒரு தட்டும் வரவில்லையே தம்பி என்றாள் சங்கிலியம்மாள். அவளுக்குப் பின்னால் ஆறடி தள்ளிப் பீரோ நின்றது.

குருசாமி அவனை உள்ளறைக்கு இழுத்துப் போனார்.

"ஏலே, இப்ப அதை எடுத்தா நம்ம ரெண்டு பேரு தலையும் கழுத்துல இருக்காது. கம்பெனிக்காரன் உள்ளேயே ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கானே, பட்டனை அமுக்கினா பழையபடி வருமே, அதப் போடு."

அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. ஆனால் பழையபடி என்றால் பெட்டி கடைக்கு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. நடுவில் சேர்த்து வைத்ததெல்லாம் போகும். படங்களை ஹார்டு டிஸ்கில் தனியாகப் பிரித்து வைக்கிற இரண்டாவது பாகத்தில் வைத்திருந்தால் தப்பிக்கும். தான் முகப்பில்தான் வைத்தோம் என்பது சுருளிவேலுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாவது பாகத்தில் வைத்ததாக நினைத்துக்கொண்டான். பயம் வந்தவனுக்குத் தன் பொய்யே சாட்சி. வெளியே வந்து பட்டனை அமுக்கினான். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரையில் ஆங்கிலத்தில் கேட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பால்பாண்டி கேட்டார்.

"சரி பண்ணவான்னு கேக்குதுண்ணே."

"பண்ணச் சொல்லு."

இருபது நிமிஷம் ஆனது. சங்கிலியம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி பாட்டுச் சத்தத்தோடு விழித்தது. பச்சைப் புல்வெளி, நீல வானம், துடைத்துவிட்ட திரை. அவள் கண்ணைத் திறந்து பார்த்து, பிள்ளை எங்கே தம்பி என்றாள். சுருளிவேல் அங்கும் இங்கும் அமுக்கினான். இரண்டாவது பாகத்தைத் திறந்தான். காலி. அவள் அதே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை குரல் உடைந்து, அது கேள்வியாக இல்லை.

பால்பாண்டி முதலில் குருசாமியைத்தான் அடித்தார். ஸ்டூலால் அடித்ததில் அவர் தோள்பட்டை இறங்கியது. ஷோகேஸ் கண்ணாடி நொறுங்கி, மானிட்டர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வெடித்தன. குருசாமி தவழ்ந்தபடியே சுருளிவேலைக் காட்டி, தனக்கு ஒன்றும் தெரியாது, இந்தப் பயல்தான் தப்பான பட்டனை அமுக்கிவிட்டான் என்று அலறினார். அது வரைக்கும் சுவரோடு ஒட்டி நின்ற சுருளிவேலுக்கு அப்போது என்ன ஆனதோ, முதலாளியின் வாயில் ஓங்கி மிதித்தான். பிறகு பீரோவை மிதித்தான். மூன்றாவது மிதியில் கதவு பிய்ந்து, அறுபது எழுபது உறைகள் சரிந்து விழுந்தன. கீழே உட்கார்ந்து நம்பர் பார்த்துப் பார்த்துத் தேடி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இது ஒங்க பெட்டில இருந்ததுண்ணே. நாந்தேன் எடுத்தேன். இதப் போட்டிருந்தா பிள்ள இருந்திருக்கும்."

பால்பாண்டி அந்த உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே போய், ஆட்டோவில் பைக்குள் வைத்திருந்த அரிவாளோடு வந்தார். எந்தக் கையால் எடுத்தாய் என்று கேட்டார். பிளேடு பிடித்தது வலது கை. சுருளிவேல் இடது கையை நீட்டினான். அந்த நேரத்திலும் பிழைப்புக் கையைக் காப்பாற்றிக்கொண்ட அவன் புத்தியை என்ன சொல்ல! மேசை விளிம்பில் வைத்து ஒரே வெட்டு. சுண்டுவிரலும் அடுத்ததும் தனியாக விழுந்தன. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சங்கிலியம்மாள்தான் முந்தானையைக் கிழித்து அவன் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகு அதே கையால் அவன் கன்னத்தில் அறைந்தாள். அறைந்துகொண்டே இருந்தாள். போலீஸ் வந்துதான் விலக்கியது.

அழிந்ததை மீட்கிற ஆள் ஒருவர் மதுரையில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே சுருளிவேல் கடையிலேயே கிடந்த பெட்டியைச் சுமந்துபோய் அவரிடம் கொடுத்தான். அவர் பதினோரு படம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அரைகுறை. ஒன்றில் கொலுசு போட்ட கால், ஒன்றில் பாவாடை நுனி, ஒன்றில் பலூன் பிடித்த கை. முகம் வரவேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் சாம்பல் நிறப் பட்டை. அதை மயிலாடும்பாறைக்கு அவன் கொடுத்தனுப்பினான். நேரில் போகத் தைரியமில்லை. திதி முகமில்லாத பலகையோடு நடந்தது.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். பீரோவில் இருந்த அத்தனை சி.டி.யையும் பையில் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு ஊர் ஊராகப் போய், எடுத்தது நான்தான் என்று சொல்லிச் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். சிலர் காறித் துப்பினார்கள். போடியில் ஒருவர் செருப்பால் அடித்தார். கூடலூருக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தென்னையில் கட்டி வைத்து மாலை வரை உதைத்தார்கள். அதையெல்லாம் வாங்கிக்கொண்டான். ஆனால் ஓடைப்பட்டியில் ஒருவர் வாங்கிய கையோடு நூல் கோத்துப் பந்தலில் கட்டப்போனபோது மட்டும் பொறுக்க முடியாமல் அவரைத் தரையில் தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அதற்கும் சேர்த்து உதை வாங்கினான்.

இதற்குள் கம்பெனிக்காரர்களே சி.டி. கொடுப்பதை நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். முதல் நாளே நீங்களாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று திரையில் ஒரு மூலையில் சொல்லும். அதை யார் படிக்கிறார்கள்? திருட்டுப் பிரதி எடுக்கிறார்களாம், தொலைத்துவிடுகிறார்களாம், அதனால் வேண்டாமாம். தொலைப்பவன் தொலைக்கட்டும், பந்தலில் தொங்கவிடுகிறவன் விடட்டும், காசு கொடுத்து வாங்கியவன் பொருள் அவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சுருளிவேலின் பேச்சு. குருசாமி கம்பத்துக்குப் போய் வேறு கடை போட்டார். இவன் தனியாகச் சர்வீஸ் பார்த்தான். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதலில் படங்களைத் தனியே பதிந்து, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வேண்டாம் என்றவர்களையும் மிரட்டிக் கொடுத்தான்.

வெட்டு வழக்கு 2010-ல் விசாரணைக்கு வந்தது. கோர்ட்டு வராந்தாவில் சுருளிவேல் சாட்சியாக நின்றான். இரண்டு வருஷத்தில் பால்பாண்டி பாதியாகியிருந்தார். அவர் நேராக இவனை நோக்கி வந்தபோது கூட நின்ற போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார். அடிக்கத்தான் வருகிறார் என்று சுருளிவேலும் உடம்பை இறுக்கிக்கொண்டான். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்திருந்தான். சாட்சியை மாற்றிச் சொல்லச் சொல்வாரோ என்றும் தோன்றியது. அதற்கும் தயாராக இருந்தான்.

அவர் கேட்டது வேறு.

"தம்பி, அவளுக்கு மேல் முன்பல்லு விழுந்திருந்துச்சா, மொளச்சிருச்சா? படம் எழுதுறவரு கேக்குறாரு. அவ ஆத்தா மொளச்சிருச்சுங்கிறா. எனக்கு ஓட்டப்பல்லாத்தான் தெரியுது. நேத்தும் அதுக்காக அவள அடிச்சுப்புட்டேன். முகமே நழுவிக்கிட்டுப் போகுதுய்யா. நீ வீட்டுக்கு வந்து வந்து படமெல்லாம் ஏத்திக் குடுத்தியே, ஒனக்கு ஞாபகம் இருக்கும்ல?"

சுருளிவேல் கண்ணை மூடினான். எத்தனை தடவை போயிருப்பான், எத்தனை படம் ஏற்றியிருப்பான்! நானூறாவது இருக்கும். ஒவ்வொன்றின் நம்பரும், எத்தனை ஏறியது எத்தனை மிச்சம் என்று திரையில் நகர்ந்த பச்சைக் கோடும் வந்தன. பிள்ளை வரவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். இவரிடம் இன்னொரு பொய்யா என்று அதை விட்டுவிட்டான்.

"நான் பாக்கலண்ணே. ஏறுதான்னு மட்டுந்தேன் பாத்தேன். ஒத்தப் படத்தக்கூட நின்னு பாக்கல."

பால்பாண்டி கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் இவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"நானுந்தேன்," என்றார். "எடுத்து எடுத்து அதுக்குள்ள போட்டேன். நின்னு பாக்கல."

உள்ளிருந்து டவாலி இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். போலீஸ்காரர் தோளைத் தொட்ட பிறகுதான் இருவரும் நகர்ந்தார்கள்.